இருபது வருட டைரி: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2004ல் கல்யாணமாகி அம்பாசமுத்திரத்திலிருந்து மும்பை பக்கத்து டோம்பிவிலிக்கு வந்தேன். அந்த வருடம் ஆரம்பித்த டைரி இன்றும் தொடர்கிறது. அலமாரியில் 31 நோட்டுகள் இருக்கின்றன. லோக்கல் ரயிலில் கூட வரும் தோழிகள், சயானில் இருக்கும் சொந்தக்காரர்கள், ஊரிலிருந்து போன் செய்யும் சித்தி மகள்கள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். சிலவற்றுக்கு ஒரு வரிதான் பதில். சிலவற்றுக்குப் பதில் கண்டுபிடிக்க எனக்கே பல வருடம் ஆனது.

எப்படி ஆரம்பித்தீர்கள்?

புது ஊர். இந்தி அரைகுறை, மராத்தி சுத்தமாகத் தெரியாது. ஃபோர்ட் பக்கம் ஒரு ஆபீஸில் கணக்கெழுதும் வேலை கிடைத்தது. காலையில் ரயிலில் நிற்க இடம் கிடைத்தாலே பெரிய விஷயம். மாலையில் வண்டி கிளம்பும் விடி, அதாவது விக்டோரியா டெர்மினஸ் ஸ்டேஷனிலேயே ஏறுவதால் உட்கார்ந்து வரலாம். (1996லேயே சத்ரபதி சிவாஜி பெயர் வைத்துவிட்டார்கள். லேடீஸ் டப்பாவில், அதாவது பெண்கள் பெட்டியில், இன்றைக்கும் விடிதான்.) டோம்பிவிலி வர சுமார் ஒன்றேகால் மணி நேரம். பேச ஆள் இல்லாத அந்த நேரத்தில் மடியில் நோட்டை வைத்து எழுத ஆரம்பித்தேன். ஜன்னலோரம் கிடைத்தால் இரண்டு பக்கம் எழுதலாம். ஃபோர்த் சீட் என்றால் ஒன்றும் நடக்காது. மூன்று பேர் சீட்டில் நான்காவதாக ஒட்டிக்கொண்டு, விழாமல் இருப்பதே வேலையாகிவிடும்.

முதல் வருடம் எழுதியது பெரும்பாலும் அழுகை. அம்மா நினைவு, ஊர் நினைவு, மாமியார் சொன்ன ஒரு சொல்லுக்கு மூன்று பக்கம்.

2005 வெள்ளத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்களா?

மும்பையில் டைரி என்றாலே இந்தக் கேள்வி வந்துவிடும். எழுதியிருக்கிறேன். ஆனால் அந்தப் பக்கங்களைப் படித்தால் இன்றும் எனக்கு வருத்தம்தான் வருகிறது.

ஜூலை 26. சாந்தாகுருஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை. அதே நாளில் கொலாபாவில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. நாங்கள் இருந்தது தெற்கே ஃபோர்ட்டில் என்பதால், வடக்கே ஊர் மூழ்கிக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியவே இல்லை. சாயங்காலம் ஸ்டேஷனுக்குப் போனபிறகுதான் வண்டிகள் நின்றுவிட்டன என்று தெரிந்தது. போனும் கிடைக்கவில்லை. ஆபீஸுக்கே திரும்பி வந்து, பதினொரு பேர் மேஜைகளை ஒட்டிப் போட்டு ராத்திரியைக் கழித்தோம். மூன்று பாக்கெட் பிஸ்கட்டைப் பதினொன்றாகப் பங்கு வைத்தோம்.

வீடு வந்து சேர்ந்ததும் நான்கு பக்கம் எழுதினேன். நான்கும் என் பயம். அவர் எங்கே மாட்டிக்கொண்டாரோ, எனக்கு ஏதாவது ஆனால் அம்மாவுக்கு யார் சொல்வார்கள், ஏன் இந்த ஊருக்கு வந்தோம். பயந்தேன் என்பது எழுதாமலே நினைவிருக்கும். நான் இன்று தேடுவது அந்தப் பதினொரு பேரின் பெயர்கள். பக்கங்களில் இரண்டு பெயர்தான் இருக்கிறது. யோசித்து யோசித்து ஏழு வரை சேர்த்துவிட்டேன். மீதி நான்கு பேர் யார்? ஒரு வயதான அம்மா தன் சேலையின் முந்தானையை அவிழ்த்துப் போட்டு என் காலை மூடிவிட்டாள் என்பது மனசில் இருக்கிறது. அவள் பெயர் எங்குமே இல்லை.

தினமும் எழுதுவீர்களா?

இல்லை. 2006ல் ஏறக்குறைய தினமும் எழுதியிருக்கிறேன். மகள் பிறந்த 2010ல் மொத்தம் 19 நாள். 2013, 2014 இரண்டு வருடமும் வெற்று. இப்போது வாரத்தில் மூன்று நாள், நான்கு நாள், அரைப்பக்கம்.

அந்த இரண்டு வருடம் விட்டதில் வருத்தம் இல்லையா?

உண்டு. மகன் பேசத் தொடங்கியது அந்த இடைவெளியில்தான். தடுப்பூசி போட்ட தேதியெல்லாம் அட்டையில் இருக்கிறது. முதலில் என்ன வார்த்தை சொன்னான் என்பது எதிலும் இல்லை. அவர் "தண்ணி" என்கிறார், நான் "பூ" என்கிறேன். இரண்டு குழந்தைகளும் வேலையும் ரயிலுமாக இருந்த காலத்தில் எழுத முடியாமல் போனதைத் தப்பென்று நினைக்கவில்லை. அப்போது தூக்கம்தான் முக்கியம். அந்த ஒரு வார்த்தையையாவது காலண்டரில் குறித்திருக்கலாம் என்று மட்டும் நினைப்பேன்.

எழுதினால் மனபாரம் குறையுமா?

குறையும் என்று நம்பித்தான் ஆரம்பித்தேன். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர், தன் சக ஆய்வாளர் ஒருவரோடு சேர்ந்து 1986ல் வெளியிட்ட ஆய்வை இதற்கு எல்லோரும் உதாரணமாகக் காட்டுவார்கள். கல்லூரி மாணவர்கள் சிலரைத் தொடர்ந்து நான்கு நாள், ஒரு நாளைக்கு 15 நிமிடம், மனசை அழுத்தும் விஷயத்தைப் பற்றி எழுதச் சொன்னார்கள். அதில் நடந்ததோடு சேர்த்து உணர்ந்ததையும் எழுதியவர்கள், பிறகு வந்த மாதங்களில் டாக்டரிடம் போனது குறைந்திருந்தது. பின்னால் வந்த ஆய்வுகளில் இந்தப் பலன் சிலவற்றில் தெரிந்தது, சிலவற்றில் தெரியவில்லை.

அவர்கள் எழுதியது நான்கு நாள். நான் ஒரே மனக்குறையை மூன்று வருடம் எழுதினேன். எங்கள் ஆபீஸில் எனக்கு வரவேண்டிய பதவி உயர்வு இன்னொருவருக்குப் போனது. 2007 முதல் 2009 வரை ஏழெட்டு நோட்டுகளில் அது வருகிறது. ஒவ்வொரு முறை எழுதும்போதும் என் பக்க நியாயம் இன்னும் கூர்மையானது, அந்த மனுஷியின் முகம் இன்னும் கெட்டதானது. பாரம் இறங்கவே இல்லை. ஒருநாள் பழைய நோட்டைப் புரட்டும்போது ஒரே வாக்கியத்தை மூன்று வருடத்திலும் எழுதியிருப்பதைப் பார்த்தேன். அன்றோடு அதை நிறுத்தினேன். இப்போது மனசு கொதித்தால் ஒரு முறை, ஒரே மூச்சில் எழுதுவேன். இரண்டாம் முறை அதே விஷயத்துக்குப் பேனாவை எடுக்க மாட்டேன். ரயிலில் தோழியிடம் சொல்லிவிடுவேன்.

ஆரம்பத்தில் எழுதியதற்கும் இப்போது எழுதுவதற்கும் என்ன வித்தியாசம்?

முதல் ஐந்தாறு வருட நோட்டுகளில் பெரும்பாலான வாக்கியங்கள் "நான்" என்று தொடங்கும். 2016ல் மறுபடி ஒழுங்காகப் பிடித்தபோது காரணமே வேறு. நவம்பர் 8 ராத்திரி 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். மறுநாள் வீட்டில் எவ்வளவு இருக்கிறது, யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று எழுதிவைக்க ஒரு நோட்டு தேவைப்பட்டது. அரிசி டப்பாவில் அத்தை ஒளித்து வைத்திருந்த பணம், பால்காரர் கடன் சொன்னது, எந்த பேங்க் வாசலில் எத்தனை மணி நேரம் நின்றோம் என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. உணர்ச்சி என்று ஒரு வரி கிடையாது. ஆனால் அந்த இரண்டு மாதம் முழுசாகக் கண்ணில் தெரிகிறது.

அதைப் படித்த பிறகுதான் பழைய நோட்டுகளில் எனக்குப் பிடித்த இடங்கள் எவை என்று தேடிப் பார்த்தேன். ஓரங்களில் கிறுக்கியவை! முருங்கைக்காய் விலை. எதிர்சீட்டில் பட்டாணி உரித்துக்கொண்டு வந்த பெண் தன் மகளுக்குச் சொன்ன சமையல் குறிப்பு. தீபாவளிக்கு முந்தின நாள் லேடீஸ் டப்பாவில் எல்லோரும் சேர்ந்து தோரணம் கட்டிய வரி. நடுப்பக்கத்தில் இருந்த அழுகையை நான் தாண்டித் தாண்டிப் போனேன். அதற்குப் பிறகு ஓரத்தில் எழுதியதை நடுவில் எழுத ஆரம்பித்தேன்.

லாக்டவுனில் நிறைய எழுதினீர்களா?

முதலில் எழுதவே முடியவில்லை. 2020 மார்ச் 23 முதல் லோக்கல் நின்றுவிட்டது. எல்லோரும் ரயில் இல்லாத கஷ்டத்தைச் சொல்வார்கள், எனக்குப் போனது எழுதும் இடம். ஒரு ஹால், ஒரு அறை, ஆறு பேர், இரண்டு ஆன்லைன் வகுப்பு. எந்தச் சுவரும் என்னுடையதாக இல்லை. மாமா சீக்கிரம் தூங்கிவிடுவார். அத்தைக்குத் தூக்கம் வராது. ராத்திரி பத்து மணிக்கு மேல் சமையலறையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டே பேசுவார்கள். நான் பக்கத்தில் நோட்டோடு உட்கார்ந்தேன். என் டைரியில் நான் பெருமையாக நினைக்கிற பகுதி அங்கே ஆரம்பித்தது.

மாமியார் பேசியதை எழுதுகிறீர்கள் என்று கேள்விப்பட்டோம். எப்படி எழுதினீர்கள்?

முதல் வருடம் மாமியார் சொல்லுக்கு மூன்று பக்கம் அழுதவள்தான் நான். பதினாறு வருடம் கழித்து அவர்கள் சொல் ஒன்றுகூட விட்டுப்போகக் கூடாது என்று எழுதினேன்.

அத்தை 1968ல் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்தவர்கள். அந்தப் பக்கத்து ஆட்கள் பலர் தோல் பதனிடும் வேலைக்காகத் தாராவிக்கு வந்து சேர்ந்தார்கள். மாமாவும் அப்படித்தான். முதல் ராத்திரி நான் எழுதிய வாக்கியம் இது: "அத்தை தம் இளமைக் காலத்தில் பட்ட கஷ்டங்களை உருக்கமாகக் கூறினார்." மறுநாள் படித்தால் அதில் ஒன்றுமே இல்லை. என்ன கஷ்டம், யாருக்கு, எப்போது? அத்தை குரலும் இல்லை.

அடுத்த ராத்திரியிலிருந்து அவர்கள் வாயில் வந்தபடியே எழுதினேன். "உப்புலயே நிப்பாவ. தோலு அழுகாம இருக்க உப்பக் கொட்டி வச்சிருப்பாங்கல்லா, அதுல வெறுங்காலோட நிப்பாவ. ராத்திரி வந்து கால நீட்டுனா வெடிப்புக்குள்ள உப்பு இருக்கும். நான் தேங்கண்ண தொட்டு எடுப்பேன். எரியும், சத்தம் போட மாட்டாவ." இதை நான் "கூறினார்" என்று எழுதியிருந்தால் அந்தத் தேங்காய் எண்ணெய் போயிருக்கும்.

அத்தைக்கு முதலில் இது பிடிபடவில்லை. "இதெல்லாம் எழுதி என்னத்துக்குட்டி?" என்று கேட்பார்கள். கொஞ்ச நாளில் அவர்களே "நேத்து குழாயடிக் கத பாதில விட்டோம், எடு நோட்ட" என்று ஆரம்பித்தார்கள். தாராவி குழாயில் வரிசைக்குக் குடத்துக்குப் பதிலாகக் கல் வைப்பார்களாம். எது யார் கல் என்று எல்லோருக்கும் தெரியுமாம். தன் கல் எப்படி இருக்கும் என்று அத்தை வரைந்தே காட்டினார்கள். அந்தப் படம் நோட்டு 26ல் இருக்கிறது. அவர்கள் கையால் போட்ட ஒரே கோடு அது.

வயதானவர்களிடம் கேட்க நினைப்பவர்களுக்கு எனக்குத் தெரிந்த ஒரு வழி: "அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டால் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். "முதல் நாள் எந்தப் பாத்திரத்தில் சோறு வடித்தீர்கள்?" என்று கேளுங்கள். அந்தப் பாத்திரம் யாரிடமிருந்து இரவல் வந்தது, அவள் புருஷன் யார், அவர்கள் ஏன் பிறகு பேசிக்கொள்ளவில்லை என்று ராத்திரி முழுக்கப் போகும்.

2022ல் அத்தை தவறிவிட்டார்கள். இரண்டு வருடத்தில் ஐந்து நோட்டுகள். மதுபாலாவைப் பார்த்த கதை ஒன்று சொல்லத் தொடங்கி, நாளைக்குச் சொல்கிறேன் என்று நிறுத்தியது அப்படியே நிற்கிறது.

குடும்பத்தில் யாராவது உங்கள் டைரியைப் படித்திருக்கிறார்களா?

மகள் படித்தாள். 2023ல், அவளுக்குப் பதின்மூன்று வயது. எதையோ தேடும்போது ஒரு பழைய நோட்டு கையில் சிக்கியது. அவள் ஏழு வயதில் வகுப்பில் நடந்த ஒரு சம்பவம், அதில் அவள் எப்படி அவமானப்பட்டாள், வீட்டுக்கு வந்து என்ன செய்தாள் என்று விலாவாரியாக எழுதியிருந்தேன். அன்பாகத்தான் எழுதியிருந்தேன். அவள் நோட்டை மேஜையில் வைத்துவிட்டு, "அம்மா, இது எனக்கு நடந்தது. நீ ஏன் எழுதி வச்சிருக்க?" என்று கேட்டாள்.

எனக்குப் பதில் வரவில்லை. நான் பெற்றவள், நான் பார்த்தது, என் நோட்டு என்றெல்லாம் மனசுக்குள் ஓடியது. எதையும் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. அந்தப் பக்கங்களை அவளே கிழித்தெடுத்தாள். நான் தடுக்கவில்லை. அவள் அதை என்ன செய்தாள் என்று கேட்கவும் இல்லை.

அதற்குப் பிறகு பிள்ளைகளைப் பற்றி எழுதுவதில் சில விஷயங்களை விட்டுவிட்டேன். அவர்கள் உடம்பு, மார்க், நண்பர்கள், அழுகை, எதுவும் எழுதுவதில்லை. அவர்கள் சிரிப்பாகச் சொன்னது, சண்டை போட்டுச் சாப்பிட்டது மாதிரியானவற்றைக் கேட்டுவிட்டு எழுதுவேன். அத்தையிடம் நோட்டைக் காட்டித்தானே எழுதினேன்? அவர்கள் "இத எழுதாத" என்று சொன்ன மூன்று கதைகளை எழுதவில்லை. பெரியவர்களுக்குக் கொடுத்த மரியாதையைப் பிள்ளைகளுக்கும் கொடுத்திருக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் நான் ரொம்பத் தாமதம்.

எங்களைப் போன்ற சாதாரண ஆட்களின் டைரி யாருக்கு வேண்டும்?

ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைச் சொல்வேன். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களுக்கு துபாஷாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்தவர், பெரிய மனிதர்தான். ஆனால் 1736 முதல் 1761ல் இறக்கும் வரை அவர் எழுதியதில் பெரிய சங்கதிகளோடு கப்பல் வந்தது, சரக்கு விலை, யார் யாரிடம் என்ன பேசினார்கள் என்பதெல்லாமும் இருக்கிறது. பேச்சுத்தமிழ் கலந்த நடையில் இருக்கிறது. அவர் இறந்து 85 வருடம் கழித்து, 1846ல்தான் அந்த நோட்டுகள் இருப்பது வெளியே தெரிந்தது. இன்று அந்தக் காலத்துப் புதுச்சேரியைத் தெரிந்துகொள்ள அதைத்தான் எடுக்கிறார்கள்.

தாராவிக் குழாயடியில் கல் வைத்து இடம் பிடித்த பெண்களில் எத்தனை பேருக்கு எழுதத் தெரிந்திருக்கும்? அவர்கள் வீட்டில் நாம் இருக்கிறோம், நமக்குத் தெரியும். அதுவே எனக்குப் போதுமான காரணம்.

நோட்டா, போனா?

எனக்கு நோட்டு. போனில் வசதிப்பட்டால் அதில் எழுதுங்கள், போன் மாற்றும்போது எடுத்து வைக்க மறக்காதீர்கள்.

எந்தப் பேனா? மழைக்காலத்தில் நோட்டுகளை எப்படிப் பாதுகாக்கிறீர்கள்?

இது அனுபவப்பட்டுத் தெரிந்துகொண்டது. 2019 மழையில் ஜன்னல் வழியாகத் தண்ணீர் இறங்கி ஆறு நோட்டுகள் நனைந்தன. சாதாரண பால்பாயின்ட் பேனாவால் எழுதியவை அப்படியே இருந்தன, அதன் மை எண்ணெய்ப் பசை உள்ளது. மலிவான ஜெல் பேனாவால் எழுதிய பக்கங்கள் நீலக்குளமாகிவிட்டன. அன்றிலிருந்து பால்பாயின்ட்தான்.

நனைந்த நோட்டை வெயிலில் வைக்காதீர்கள், தாள் முறுகி மை வெளிறும். பக்கங்களுக்கு நடுவே உறிஞ்சும் தாள் வைத்து, அடிக்கடி மாற்றி, ஃபேன் காற்றில் உலர்த்த வேண்டும். நிறைய நோட்டுகள் ஒரே நேரத்தில் நனைந்துவிட்டால் பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீஸரில் வைத்துவிட்டு ஒவ்வொன்றாக எடுத்து உலர்த்தலாம். உறைந்திருக்கும்வரை பூஞ்சை வளராது. நூலகங்களிலும் இப்படிச் செய்வார்கள். மூன்று நோட்டுகள் நாலு நாள் என் ஃப்ரீஸரில் பட்டாணிக்குப் பக்கத்தில் இருந்தன.

மும்பையில் ஜூலை, ஆகஸ்டில் காற்றில் ஈரப்பதம் பெரும்பாலும் 80 சதவிகிதத்துக்கு மேல். அதனால் வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம். நெருக்கி அடுக்காமல் கொஞ்சம் இடம் விட்டு வையுங்கள். ஊரில் ஏட்டுச்சுவடிக்கு வசம்பு வைத்த வழக்கப்படி நான் துணியில் வசம்பு கட்டிப் போடுகிறேன். பூச்சி வரவில்லை.

இன்னொன்று. கடை பில்லை ஒட்டி வைக்கும் பழக்கம் இருந்தால் ஜாக்கிரதை. இப்போது வரும் பில்லெல்லாம் சூட்டில் அச்சாகும் தாள், சில வருடத்தில் வெள்ளையாகிவிடும். தொகையைக் கையால் எழுதிவிடுங்கள்.

புதிதாக ஆரம்பிப்பவருக்கு என்ன சொல்வீர்கள்?

ஆட்களின் முழுப்பெயர், விலை, தேதி. இவை மூன்றும் வரட்டும், மீதி தானாக வரும்.

உங்களுக்குப் பிறகு இந்த நோட்டுகள்?

அத்தையின் ஐந்து நோட்டுகளையும் இரண்டு நகல் எடுத்தாயிற்று. ஒன்று தாராவியில் நாத்தனார் வீட்டில், ஒன்று ஊரில் என் தம்பியிடம். 2007 முதல் 2009 வரையிலான பதவி உயர்வு நோட்டுகளைத் தனியாகக் கட்டி வைத்திருக்கிறேன். அந்த மனுஷிக்கும் பிள்ளைகள் உண்டு, அவற்றை நானே கிழித்துவிடுவேன். பிள்ளைகள் வரும் பக்கங்களில் காகிதம் செருகி வைத்திருக்கிறேன். ஆளுக்குப் பதினெட்டு வயதானதும் கையில் கொடுத்துவிடப் போகிறேன், வைத்துக்கொள்வதும் கிழிப்பதும் அவரவர் விருப்பம்.

மகளுக்கான சீட்டுகள் இப்போதைக்கு 64. போன வாரம் எண்ணும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நோட்டு 26ஐ எடுத்துக் கல் படத்தைப் பார்த்துவிட்டு, "ஆச்சி கல்லு எங்க இருந்துச்சு, குழாய்க்கு வலது பக்கமா, இடது பக்கமா?" என்று கேட்டாள். அது நோட்டில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வீட்டுக்கு இரண்டு பேரும் போகிறோம், அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.